வீட்டுக்காரர் என்கிற சொல்

மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுச் சமையலறைக்குள் இருந்தது. நாலரை வருஷம் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. வாரத்தில் சில நாள் மாநகராட்சிக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் கீழே சம்ப்பில் விழும். அதை மேல்டேங்குக்கு ஏற்றுவது வீட்டுக்காரரின் விரல். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, அவருக்கு மனசு இருந்தால் சாயங்காலம் இன்னொரு தடவை. விருந்தாளி வந்திருக்கும் நாளில் என் துணைவி கீழே இறங்கிப்போய், ‘அக்கா, கொஞ்சம் மோட்டார் போட்டு விடுங்க’ என்று கேட்க வேண்டும். ‘ஏனுங், நேத்துத்தான போட்டம்’ என்று பதில் வரும். பிறகு போடுவார்கள். போடாமல் இருந்ததில்லை. ஆனால் கேட்க வைத்தார்கள். அதிகாரம் என்பது மறுப்பதில் இல்லை, கேட்க வைப்பதில் இருக்கிறது என்பதை ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன். படிக்கட்டில் இறங்கி ஏறித்தான் தெரிந்தது.

இந்தக் கட்டுரை அந்த மனிதரைப் பற்றியதல்ல. அவர் கெட்டவரும் அல்ல. லேத் பட்டறை வைத்திருந்து விற்றுவிட்டு, வந்த பணத்தில் மாடி எடுத்து வாடகைக்கு விட்டவர். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கூட்டிப்போனவர். ‘மோசமான வீட்டுக்காரர்’ என்று ஒரு தனிமனிதரைக் கற்பித்துக்கொண்டு திட்டுவது எளிது. நல்லவர்களையும் இப்படி நடந்துகொள்ளச் செய்கிற உறவு எது என்பதுதான் என் கேள்வி. சிறுபத்திரிகைக்காரர்களில் முக்கால்வாசிப்பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அரசு, மதம், சாதி, குடும்பம் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுடைத்துவிட்ட நாம் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் போய் நிற்கிற இடத்தைப் பற்றி எதுவும் எழுதியதில்லை. வெட்கம் ஒரு காரணமாக இருக்கலாம்.

*

சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘வீட்டுக்காரர்’ என்றால் தமிழில் இரண்டு பேர். ஒருவர் வீட்டை வாடகைக்கு விட்டவர். இன்னொருவர் கணவர். ‘எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லீங்க’ என்று ஒரு பெண் சொன்னால் எவர் என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். உடைமையும் ஆண்மையும் ஒரே விகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. வாடகைக்கு இருக்கிற ஆணின் சங்கடம் இங்கே தொடங்குகிறது. அவன் தன் மனைவிக்கு வீட்டுக்காரன், ஆனால் வீட்டுக்காரன் இல்லை. கீழிருந்து ‘வாத்தியாருங்ளே’ என்று குரல் வந்தால், கையிலிருக்கும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு நான் மாடிச்சுவரில் எட்டிப்பார்ப்பேன். அல்தூசர் சொன்ன ‘விளித்தல்’ இதுதான். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிய கணத்தில் நான் வாடகைக்காரனாக ஆகிவிடுகிறேன். என் துணைவிக்கோ இந்தத் தடுமாற்றமே கிடையாது. பிறந்த வீடு, புகுந்த வீடு, வாடகை வீடு மூன்றிலும் வேறொருவர் பெயரில்தான் பட்டா.

மற்ற தரப்புக்குப் பேச்சுவழக்கில் உருப்படியான ஒரு சொல்கூட இல்லை. ‘குடியிருக்கறவங்க’, ‘வாடகைக்கு இருக்கறவங்க’ என்று வினையாலணையும் பெயரால்தான் சுட்டுகிறோம். ‘வாடகைதாரர்’ என்பது சட்டத்தின் சொல், வாயில் வராது. வாடகைக்கு ‘குடிக்கூலி’ என்று பழைய சொல் ஒன்று உண்டு. அந்தக் ‘குடி’யைக் கொங்குநாட்டில் வைத்துப் பார்த்தால் அது நேரான சொல் அல்ல. உழுகிறவர் ‘குடியானவர்’. ஆனால் அவருக்கு முடிவெட்டவும் துணி வெளுக்கவும் கடமைப்பட்டு, களத்தில் தானியம் வாங்கிக்கொண்டவர்களும் ‘குடிமக்கள்’தான். ஒரே வேரில் உரிமையும் ஊழியமும். அரசியல் சாசனம் நம்மைக் குடிமகன் என்று எந்த அர்த்தத்தில் அழைக்கிறதோ தெரியாது, என் வீட்டுக்காரர் எந்த அர்த்தத்தில் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

எங்கெல்ஸ் 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, வாடகைக்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள உறவை உழைப்பாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவோடு சமப்படுத்தக்கூடாது என்றார். வாடகைக்காரன் அங்கே தன் உழைப்புச் சக்தியை விற்க வரவில்லை, ஒரு சரக்கின் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்க வருகிறான், எனவே அது சாதாரணச் சரக்குப் பரிமாற்றம் என்பது அவர் வாதம். புருதோனின் சீடர்கள் ‘ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சொந்த வீடு’ என்று கனவு விற்றுக்கொண்டிருந்ததை உடைக்க அவருக்கு இது தேவைப்பட்டது. (இன்றைய வீட்டுக்கடன் விளம்பரங்களைப் பார்த்தால் புருதோனியர்கள்தான் ஜெயித்தார்கள்.) ஆனால் நம் ஊரில் இந்தப் பரிமாற்றம் ‘சாதாரணமாக’ நடப்பதில்லை. துணிக்கடையில் சட்டை வாங்கப் போனால் எந்த ஊர் என்று கேட்பதில்லை. வீடு பார்க்கப் போனால் வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்பது அதுதான்.

‘எந்த ஊருங்க?’ ‘பூர்வீகம் எந்தப் பக்கமுங்க?’ ‘சைவமுங்களா?’ கோவைக்காரர்களின் மரியாதை உலகப் பிரசித்தம். சாதியைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் விசாரிப்பார்கள். என் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே என் வீட்டுக்காரருக்குப் போதுமானதாக இருந்தது, மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்குச் சலுகை என்பதை அப்போது நான் உணரவில்லை. கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர், தலித், அதே வருஷம் அதே பீளமேட்டில் இரண்டு மாதம் வீடு தேடினார். போனில் ‘வந்து பாருங்க’ என்பார்கள், நேரில் போனால் ‘இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கிப்போட்டமுங்க’ என்பார்கள். மறுநாளும் டூலெட் போர்டு தொங்கும். மறுத்ததற்கு ஒரு சாட்சி கிடையாது. 2015இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் சுக்தேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லிச் சுற்றுவட்டார வாடகைச் சந்தையை ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான் காட்டியது. தலித்துகளும் முஸ்லிம்களும் வெளிப்படையாக மறுக்கப்படுகிறார்கள், அல்லது மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளோடு ஏற்கப்படுகிறார்கள்.

கோவையில் இதற்குத் தனி வரலாறு உண்டு. 1997 நவம்பர் இறுதிக் கலவரம், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பு இரண்டுக்கும் பிறகு நகரத்தின் வாடகை வரைபடமே மாறியது. முஸ்லிம் பெயரோடு கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் தாண்டி வீடு கேட்பது கஷ்டமானது. சேரி ஆக்குவதற்கு அரசாணை வேண்டியதில்லை, ஆயிரம் வீட்டுக்காரர்கள் தனித்தனியே ‘வேண்டாமுங்க’ என்று சொன்னால் போதும். சட்டம் இங்கே உதவிக்கு வருமா? அரசியல் சாசனத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் பற்றிப் பேசுகிறது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற சங்க விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சொத்தும் சங்கமும் தனியார் விஷயம் என்ற சொல்லாடல் அங்கே வென்றது.

வாடகைக்காரன் சந்தேகத்துக்குரியவன் என்பதற்கு அரசின் முத்திரையும் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அவர்கள் இருந்தது வாடகை வீட்டில். அதைத் தொடர்ந்து, குடியிருப்பவர்களின் விவரங்களைக் காவல்நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. வீட்டுக்காரரின் விவரத்தை வாடகைக்காரர் எங்கேயும் கொடுக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

*

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு என்பது கருணையிலிருந்து பிறந்தது அல்ல. 1915இல் கிளாஸ்கோவில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தபோது வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பரும் அவரைப் போன்ற பெண்களும் வாடகை தர மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட வேண்டியதாயிற்று. பம்பாய்க்கு 1918இல் வந்தது. மதராஸ் மாகாணத்துக்கு அடுத்த உலகப்போரின்போது, 1941இல் ஆணையாக வந்து, 1946, 1949 சட்டங்களாகி, கடைசியில் 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாக நிலைத்தது. கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்று பெயர்.

அந்த 60ஆம் வருஷச் சட்டத்துக்கு ஒரு தத்துவம் இருந்தது. வாடகை என்பது இருவர் பேசி முடிக்கிற விலை மட்டுமல்ல, ‘நியாய வாடகை’ என்று ஒன்று உண்டு, அதை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம் என்றது. குடியிருப்புக் கட்டடமென்றால் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்பது பிந்தைய கணக்கு. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. (இதைக் கேட்டுச் சிரிக்காத கோயம்புத்தூர்க்காரர் இருக்க முடியாது.) காலி பண்ண வைக்கக் குறிப்பிட்ட காரணங்கள் மட்டுமே செல்லும் என்றது. வாடகையை வாங்க மறுக்கும் தந்திரத்துக்கும் அதில் வழி இருந்தது. எந்த வங்கியில் கட்டலாம் என்று கேட்டு எழுத வேண்டும், பதிலில்லையென்றால் மணியார்டர், அதுவும் திரும்பினால் கோர்ட்டில் டெபாசிட். ‘வேண்டுமென்றே பாக்கி வைத்தல்’ என்றால் என்ன என்பதை 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்சநீதிமன்றம் நீளமாக விளக்கியது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் இருந்தால் குடியிருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விலக்கை, 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் அதே நீதிமன்றம் அடித்துத் தள்ளியது.

சட்டம் புத்தகத்தில் இருந்தது, நடைமுறை வேறாக இருந்தது. நியாய வாடகை மனுவை வாடகையைக் கூட்டுவதற்காக வீட்டுக்காரர்களே போட்டார்கள். கடைவீதிகளில் பழைய வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை நகராதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் காட்டித்தான் சட்டம் மோசம் என்று பேசினார்கள். பாதுகாக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். லைன் வீட்டில் இருந்தவர் முன்சீப் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.

லைன் வீடு பற்றி ஒரு வார்த்தை. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக மற்ற மில்கள். சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் காட்டோரம் நீளமாக ஒரு சுவர் எழுப்பி, குறுக்கே தடுத்துத் தடுத்துப் பத்து அறை ஆக்கி, கடைசியில் ஒரு கக்கூஸ் வைத்து வாடகைக்கு விட்டார்கள். பண்ணையத்தில் ஆள் வைத்துப் பழகிய கண்ணோட்டமே அங்கே குடிபெயர்ந்தது. ராத்திரி பத்து மணிக்குக் கேட் பூட்டு, எவர் வருகிறார் போகிறார் என்ற பார்வை, பொங்கலுக்கு ஒரு படி அரிசி. இன்று அதே மாதிரி அறைகளில் திருப்பூரிலும் கோவையிலும் பீகார், ஒடிசா இளைஞர்கள், பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. 2020 மார்ச் 29 அன்று, புலம்பெயர் தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த பீகார் பையன் எந்த வீட்டுக்காரரிடம் பேசியிருப்பான்?

60ஆம் வருஷச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலான ‘தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்’ அதை ரத்து செய்துவிட்டது. தலைப்பிலேயே இரு தரப்பும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நியாய வாடகை என்ற கருத்தாக்கம் போய்விட்டது, ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 21ஆம் பிரிவைப் படியுங்கள். காலி பண்ண வைப்பதற்கான முதல் காரணமே, சட்டம் சொன்னபடி இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. ஒப்பந்தம் போட மறுப்பது வழக்கமாக யார்? வருமானவரிக்குப் பயந்து, ‘பதிவெல்லாம் எதுக்குங்க’ என்று தள்ளிப்போடுவது யார்? அவருடைய மறுப்பே நாளைக்கு அவருடைய ஆயுதமாகிறது. எழுத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கும் சட்டம், எழுத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

ஆனாலும் அதில் நமக்குப் பயன்படுகிற சில இடங்கள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விமரிசனம் மட்டும் செய்வது நம்முடைய பழைய வியாதி. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிப்பிடம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வாடகைத் தகராறைக் காரணம் காட்டி நிறுத்தக்கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து இடைக்கால உத்தரவு வாங்கலாம். வீட்டுக்குள் பார்வையிட வருவதென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். முன்பணம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. (‘வேறு உடன்பாடு’ என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் பத்து மாத அட்வான்ஸும் நுழைந்துவிடும்.) காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். வாடகையை வாங்க மறுத்தால் அதிகாரியிடம் செலுத்தலாம்.

*

என் விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். படிவத்தில் உரிமையாளர், வாடகைதாரர் என்று தெரிவுகள் இருந்தன. வாடகைதாரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் வீடே அவருக்குப் போய்விடும் என்று ஒரு பீதி. ‘உங்க நம்பர் வேண்டாமுங்க, நானே பாத்துக்கறன்’ என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எங்கள் மாடிக்குத் தனி மீட்டர். 2016 மேயிலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். எங்களிடம் மட்டும் முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அரசு குடும்பத்துக்குக் கொடுத்த மானியம் பட்டாவில் பெயர் உள்ளவரிடமே நின்றுவிட்டது. ‘அண்ணா, மின்வாரியப் பில்லை ஒருதரம் பாக்கலாமுங்களா?’ என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான்.

மோட்டார் ஒருவேளையாகக் குறைந்தது. மாடிப்படி விளக்கு எரியவில்லை. துணி காயப்போடும் இடத்தில் அவர் தேங்காய்மட்டை அடுக்கினார். எதையும் நேரில் சொல்லவில்லை. பிறகு ஜனவரி வாடகையைக் கொண்டுபோனபோது, ‘இருக்கட்டுமுங்க வாத்தியாரே, அடுத்த மாசம் சேத்திக் குடுங்க’ என்றார். கரிசனமாக எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியிலும் அதையே சொன்னார். வக்கீல் நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ், ஒரு மாத அவகாசம், காலி. அன்று ராத்திரியே இரண்டு மாத வாடகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். எந்தெந்த மாதத்துக்கு என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் போட்டேன். மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் கடிதம், போஸ்ட் ஆபீஸ் வழியாக. தபால்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே ஒரு பாடம் கற்றேன் என்றால், வாய்ப்பேச்சின் மரியாதையை எழுத்தாக மாற்றுவதுதான் இந்த உறவில் வாடகைக்காரனால் செய்யக்கூடிய முதல் காரியம் என்பது. ரொக்கமாகக் கொடுக்காதே. கொடுத்தால் கையெழுத்து வாங்கு. குடிபுகும் நாளன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பு. சொன்னதை அன்றைக்கே ‘நீங்கள் இன்று சொன்னபடி’ என்று செய்தியாக அனுப்பு. இதெல்லாம் அற்பமாகத் தெரியலாம். நாங்கள் எம்.ஏ.வில் படித்த கல்வெட்டுகளில் பெரும்பகுதி இந்த அற்பம்தான், எந்த நிலம், யாருடையது, எல்லை எது, யார் சாட்சி.

கடிதம் போன மறுநாள் அவர் மேலே வந்தார். கோபமில்லை, முகம் சுருங்கியிருந்தது. ‘ஏனுங்க, நம்மளுக்குள்ள எதுக்குங்க கடுதாசி’ என்று கேட்டார். உண்மையிலேயே புண்பட்டிருந்தார். தோட்டத்து ஆள் கணக்குக் கேட்டால் பண்ணாடிக்கு வருகிற அந்தப் புண். நானும் சங்கடப்பட்டேன் என்பதை மறைப்பானேன். அதிகாரியிடம் மனுக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் எங்கள் ஒப்பந்தம் 20 ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதி எப்போதோ காலாவதியானது, பதிவு எண் கிடையாது. (ஏன் பதினோரு மாதம்? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிற 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்துக்குத் தப்ப. காரணம் மறந்த பின்னும் சடங்கு தொடர்கிறது.) மனுக் கொடுத்தால் முதல் கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும்.

பேசி முடித்தோம். மே மாதம் காலி பண்ணுவது, அதுவரை மோட்டார் இரண்டு வேளை. 60,000 அட்வான்ஸில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை 9,500, உடைந்த வாஷ்பேசினுக்கு 2,000 போக மீதி. வாஷ்பேசின் நாங்கள் வரும்போதே விரிசல் விட்டிருந்தது. எங்களிடம் படம் இல்லை. மின்கட்டணத்தில் கூடுதலாகக் கொடுத்த நாலரை வருஷக் காசைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு பத்திரிகை நடத்த இரண்டு இதழுக்குக் காகிதம் வாங்கியிருக்கலாம்.

கொங்கு வட்டார நாவல் என்று ‘நாகம்மா’ளில் (1942) தொடங்கி எத்தனையோ படித்திருக்கிறேன். நிலத்தில் பங்கு கேட்பவர்கள், நிலத்தை இழந்தவர்கள் எல்லாரும் அவற்றில் உண்டு. அடுத்தவர் சுவருக்குள் ஆணியடிக்கப் பயந்து வாழ்ந்தவர்களின் நாவல் என் கண்ணில் படவில்லை. சென்னையின் தண்ணீருக்கு அசோகமித்திரன் எழுதினார், வீடு தேடும் அவமானத்துக்குச் செழியனின் ‘டூலெட்’ (2017) வந்தது. அந்தப் படத்தில் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளின்போது திரையரங்கில் எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு அது.

புது வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். வீட்டுக்காரம்மா வயசானவர், தனியாக இருக்கிறார். ‘எந்த ஊருங்க?’ என்று கேட்டார். சொன்னேன். என் கவிஞ நண்பர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன், சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொன்னேன். ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிக்கலாமுங்களா அம்மா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் எதுக்கு சாமி, நம்பிக்கைதான’ என்றார். மோட்டார் சுவிட்ச் எங்கே என்று பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில், பொதுவில் இருந்தது. பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.